ரெண்டு நிமிஷ ஜெபம்

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை ஜெபத்தை நான் பண்றேன்."

சபைச் செயலாளர் ஒருவழியாகச் சொல்லிவிட்டார். ஏணிமேல் நின்று ஆலயத்து மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனின் கை அப்படியே நின்றது.

"ஏன் தம்பி, என் ஜெபத்துல என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்லண்ணே. நீளம்தான் கூட."

செயலாளர் மருந்துக்கடை வைத்திருப்பவர். டீ ஆறப் பொறுக்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள். ஆராதனையை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் பதவிக்கு வந்தார். பாட்டில் சரணங்களைக் குறைத்தார். அறிவிப்புகளைத் தாளில் ஒட்டிவிட்டார். எலக்ட்ரீஷியனின் ஜெபத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிரசங்கத்துக்கு முன்னால் வரும் ஜெபம் அது. சபையே முழங்கால் போட்டு, குனிந்து, கண்ணை மூடியிருக்கும். அவர் நோயாளிகளில் தொடங்கி, பரீட்சை எழுதுகிறவர்கள், வேலை தேடுகிறவர்கள், கரண்டுக் கம்பத்தில் ஏறியிருக்கிறவர்கள் என்று உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வருவார்.

"முன்னெல்லாம் நாலு நிமிஷத்துல முடிச்சுடுவீங்க. இப்ப கொஞ்ச மாசமா கால் மணி நேரம் இழுக்கறீங்க. வயசானவங்க முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"பாஸ்டர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேனே. 'உங்க இஷ்டப்படி செய்யுங்க'ன்னுட்டாரு."

எலக்ட்ரீஷியன் இரண்டு படி இறங்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மென்று விழுங்கிவிட்டார்.

"சரி தம்பி. ஆனா அவசரப்படாம பண்ணுங்க."

வீட்டுக்கு வந்ததும் செயலாளர் மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "அவருக்கு ஜெபத்து மேலயா ஆசை? மைக் மேல ஆசை! விட மனசு வரல."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் பாட்டிலிருந்தே செயலாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜெபத்தை எழுதி, நாலு தடவை சொல்லிப் பார்த்து, ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி என்று கணக்காக வைத்திருந்தார்.

பக்கவாட்டு மைக்கில் போய் நின்றார். சபை முழங்கால் போட்டது. தொடங்கினார். தங்குதடையில்லாமல் போனது. கடைசி வரிக்கு வந்தவர், மணி பார்க்க லேசாகக் கண்ணைத் திறந்தார்.

கைக்கடிகாரத்துக்கு அப்பால், மேடைப் படியில் ஏதோ அசைந்தது.

பாஸ்டர் இரண்டாவது படியில் நின்றிருந்தார். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. கீழே இருந்த கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல வர மறுத்தது. வலது கை வெடவெடவென்று நடுங்கியது. பாஸ்டரம்மா அவருடைய அக்குளுக்கடியில் தோளைக் கொடுத்துத் தாங்கி, குனிந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கி மேல்படியில் வைத்தார். சத்தம் வராமலிருக்கச் செருப்பைக் கழற்றியிருந்தார்.

இன்னும் மூன்று படி. அப்புறம் பிரசங்க பீடம் வரைக்கும் பத்தடி.

இருபது வருஷமாக மருந்து எடுத்துக் கொடுத்தவருக்கு அந்த நடுக்கம் என்ன என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கீழே இருநூறு தலைகள் குனிந்திருந்தன. 'ஆமென்' என்று ஒரு வார்த்தை சொன்னால் இருநூறும் நிமிரும்.

"...இன்னும் ஆண்டவரே..." என்றார் செயலாளர்.

எழுதி வைத்தது தீர்ந்துவிட்டது. நோயாளிகளுக்காக ஜெபித்தார். வலியை வெளியே காட்டாதவர்களுக்காக ஜெபித்தார். அவர்களோடு சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கிற வீட்டாருக்காக ஜெபித்தார். பஸ்ஸில் போகிறவர்கள், ரயிலில் போகிறவர்கள், நடந்து போகிறவர்கள் என்று யாரையும் விடவில்லை. வியர்த்துக் கொட்டியது. அங்கங்கே இருமல் கிளம்பியது. அதில் ஒன்று தன் மனைவியுடையது என்று நன்றாகத் தெரிந்தது.

பாஸ்டரம்மா கணவருடைய இரண்டு கைகளையும் எடுத்து பீடத்தின் விளிம்பைப் பிடிக்க வைத்தார். நடுக்கம் மரத்துக்குள் அடங்கியது. வேதாகமத்தில் பக்கத்தைத் திருப்பி வைத்தார். வெறுங்காலோடு இறங்கி வந்து, தன் இடத்தில் முழங்கால் போட்டார்.

மூன்றாவது வரிசையில் இன்னொருவரும் கண்ணைத் திறந்தபடி படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன். செயலாளரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

"ஆமென்."

தலைகள் நிமிர்ந்தன. பாஸ்டர் நிமிர்ந்து நின்று, கணீரென்று பிரசங்கத்தைத் தொடங்கினார்.

ஆராதனை முடிந்ததும் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ரெண்டு நிமிஷம்னீங்க. பதினேழு நிமிஷம்! என் முட்டி போச்சு."

செயலாளர் விலகி, எலக்ட்ரீஷியனிடம் போனார்.

"ஏண்ணே, என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லக் கூடாதுன்னு பாஸ்டரம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன் தம்பி. அவரு ஓய்வு பெற இன்னும் நாலு மாசந்தான். அதுவரைக்கும் நின்னுக்கிட்டே பிரசங்கம் பண்ணணும்னு ஆசைப்படறாரு." குரலை இன்னும் தாழ்த்தினார். "உங்களுக்கு எதுக்குக் கெட்ட பேரு? அடுத்த வாரத்துலேருந்து பழையபடி நானே பண்ணிடறேன்."

"வேணாண்ணே. மாத்தி மாத்திப் பண்ணுவோம்" என்றார் செயலாளர். "ஒரே ஆள் நீட்டிக்கிட்டே இருந்தா, என்னை மாதிரி அவசரக்காரன் எவனாவது கண்ணைத் திறந்துடுவான்."