டேக் ஓகே ஆகாத பாட்டு

"நிறுத்து, நிறுத்து! மறுபடியும் தப்பு!"

ஜேசுராஜ் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டான். அம்பத்தூரில் ஒரு மொட்டைமாடி அறைதான் அவனுடைய ஸ்டூடியோ. சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தான். இரைச்சல் பாட்டில் விழும் என்று ஃபேனையும் நிறுத்தியிருந்ததால், மூன்று பேரும் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தார்கள்.

"ஸாரி மாஸ்டர். இன்னொரு தபா பாடறேன்," என்றாள் புஷ்பா.

"இது இன்னா பாட்டுன்னு புரிஞ்சிதா உனக்கு? மேல மாதா கோயில் கோரஸ், கீழ சாவு மோளம், நடுவுல டிஸ்கோ. இதுவரைக்கும் எவனும் போட்டதில்ல!"

"ஏன் போடலன்னு இப்பதான் தெரியுது," என்றான் டிரம்ஸ் வாசிக்கும் துலுக்கானம்.

"நீ மூடுடா. கேசட் வெளிய வரட்டும். ஆவடிலேர்ந்து பூந்தமல்லி வரைக்கும் டீக்கடைக்கு டீக்கடை இதான்."

டேப் மறுபடி சுழன்றது.

"சைக்கிள் பெல்லு அடிக்காத மாமா..."

இந்த முறை 'மாமா' 'மாமி' ஆகிவிட்டார். அடுத்த முறை சுருதி குப்புற விழுந்தது. அதற்கடுத்து நல்ல இடத்தில் ஒரு தும்மல். பிறகு சரணமே மறந்துபோனது. இத்தனைக்கும் திருவிழா மேடைகளில் பிசிறில்லாமல் பாடுகிறவள் புஷ்பா.

"மாஸ்டர், இப்டியே போனா அந்தச் சாவு மோளம் எனக்கே தேவைப்படும்," என்றான் துலுக்கானம்.

ஜேசுராஜின் கோபம் இறங்கியது. "தொண்டை சரியில்லியா புஷ்பா? இன்னொரு நாள் வெச்சுக்கலாம். நீ ஊட்டுக்குப் போ."

"ஐயோ, வேணாம் மாஸ்டர்!" மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கே முடிச்சிடலாம். இன்னும் ஒரே தபா."

அப்போது யாரோ கதவை இடித்தார்கள். தாழ்ப்பாளைத் திறந்தால், பட்டுப்புடவையில் மூச்சிரைக்க நின்றாள் புஷ்பாவின் அத்தை தாயம்மா.

"அடிப்பாவி, இங்கயா கீற? கோயிலுக்குப் போய்ட்டு வரேன்னு மண்டபத்தவுட்டுப் போன கல்யாணப் பொண்ண ஊரெல்லாம் தேடிகினு கீறோம்! முகூர்த்தமே தாண்டிப் போச்சுடி!"

"பாடறவ குடும்பத்துக்கு ஆவமாட்டா, பாட்ட வுட்டாதான் தாலின்னாரே மாப்ள, அவரு இன்னா ஆனாரு?" என்றாள் புஷ்பா.

"மாலையக் கழட்டி எறிஞ்சிட்டு மொத்தக் கூட்டத்தோட வேன் ஏறிட்டாரு!"

புஷ்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கின் முன் நிமிர்ந்து நின்றாள்.

"டேப்பப் போடுங்க மாஸ்டர். இப்ப ஒரே டேக்குல ஓகே பண்ணித் தர்றேன்."