கடைசி ஓவர்க்காரன்

கடைசி ஓவர் போடுவதற்கென்றே பரணிதரனைச் சாத்தூர் அணியில் எடுத்து ஆறு வருடமாகிவிட்டது. இதுவரை அவன் ஒரு பந்துகூடப் போடவில்லை. இரண்டாம் டிவிஷன் கிரிக்கெட்டில், யார் ஜெயிப்பார்கள் என்பது தொண்ணூற்றெட்டு சதவீதம் உறுதியானதுமே கணினி மணியடித்து ஆட்டத்தை முடித்துவிடும். பெரும்பாலும் பதினெட்டாவது ஓவருக்குள் அடித்துவிடும். கையைச் சுழற்றிச் சுழற்றித் தயாராகி நின்ற பரணி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். "இன்னைக்காவது போட்டீங்களா?" என்று கேட்பதை அவன் மனைவி செண்பகவல்லியும் எப்போதோ நிறுத்திவிட்டாள்.

அடுத்த வருடம் முதல் கடைசி ஓவருக்கென்று ஆளே வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவனுடைய கடைசி ஆட்டத்தில் எதிரணிக்கு ஆறு பந்தில் இரண்டு ரன் தேவைப்பட்டது. கையில் ஒரே விக்கெட். பலகையில் அவர்கள் வெற்றி வாய்ப்பு தொண்ணூற்றேழு சதவீதம் என்று மின்னியது.

"இன்னும் மணி அடிக்கல தம்பி, போடுங்க," என்றார் அம்பயர்.

முதல் இரண்டு பந்தில் ரன் இல்லை. மூன்றாவது பந்து பேட்ஸ்மேனின் காலில் பட்டது. பரணி கத்திய கத்தலில் அம்பயரே ஓரடி பின்வாங்கினார். விரலை மட்டும் தூக்கவில்லை. நான்காவது பந்து பவுண்டரிக்குப் பறந்தது.

சக ஆட்டக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். பரணி ஓடிப்போய் அடித்த பேட்ஸ்மேனையே கட்டிப்பிடித்தான். பிறகு மனைவிக்குப் போன் செய்தான்.

"வல்லி, தோத்துட்டோம்!"

"அதுக்கு ஏன் இப்படிச் சிரிக்கீங்க?"

"என்னாலதான் தோத்தோம்!"

"அப்போ... பந்து போட்டீங்களா? எத்தனை?"

"நாலு."

"நாலா!" என்று அலறியவள், வாசலுக்கு ஓடிப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவது அவனுக்குக் கேட்டது.