நாலெழுத்து

"அந்தப் பேரு கண்ணுல படக் கூடாது. அதும் மேல எதையாவது குத்தி மூடிடு" என்றான் வடிவின் புருஷன்.

புதூர்நாட்டுச் சந்தையில் புளி மூட்டைகளுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள் பச்சை குத்தும் செல்லி. எமர்ஜென்சி முடிந்த வருஷத்துக் கோடை. மலையில் புளி உலுக்கி முடித்த நேரம் என்பதால் சந்தையில் நல்ல கூட்டம்.

செல்லி வடிவின் கையைப் பிடித்துத் திருப்பினாள். முன்கையில் நான்கு எழுத்துகள், கருத்துச் சாம்பல் பூத்து, தோலோடு தோலாக ஊறிப் போயிருந்தன. செல்லிக்குப் படிக்கத் தெரியாது. யாராவது மையால் எழுதிக் கொடுத்தால் அதன் மேலேயே ஊசியை ஓட்டுவாள்.

"யாரு பேரு தங்கச்சி இது?"

வடிவு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கேக்குறேன்ல? யாரு பேரு?"

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

"எவன் பேரோ!" என்று எரிந்து விழுந்தான் அவள் புருஷன். "உனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? மூட முடியுமா, முடியாதா?"

அவனுக்குப் பொறுமை போய் வெகு நாளாகிவிட்டது. திருப்பத்தூரில் பச்சை குத்தும் ஒருத்தியிடம் அவளைக் கூட்டிப் போனான். ஊசியைக் கண்டதும் வடிவு எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிட்டாள். திருவிழாவுக்கு வந்த இன்னொருத்தி, பழைய பச்சைமேல் குத்தினால் புண்ணாகும் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். வீட்டில் தினமும் இதே பேச்சு. இன்றைக்கும் நெல்லிவாசலில் இருந்து வரும் வழி நெடுக, உட்கார்ந்து உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டேதான் வந்திருந்தார்கள்.

செல்லிக்கு இது புதிதில்லை. மாமன் மகன் பேரைக் குத்திக்கொண்டு வேறொருத்தனுக்கு வாக்கப்பட்ட பெண்களை நிறையப் பார்த்திருக்கிறாள். பல பேர்களை அவள் மயிலாகவும் கொடியாகவும் மாற்றியிருக்கிறாள்.

"மூடலாம் அண்ணே. உருவம் பெருசா வரணும், அவ்ளோதான்" என்றாள், கொட்டாங்குச்சியில் கரியையும் பச்சிலைச் சாறையும் குழைத்தபடி. "தேள் போடட்டா? விஷக்கடி அண்டாது. மயிலுன்னா முருகன் தொணை. கொடி போட்டா குடும்பம் தழைக்கும். தொட்டிலு போட்டா வூட்ல புள்ளை வெளையாடும்."

"தொட்டிலு" என்றான் அவன் சட்டென்று. "அதையே போடு. பெருசா போடு."

அதுவரை சும்மா இருந்த வடிவு கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"யாருக்குங்க தொட்டிலு?"

"உனக்குத்தான். நீட்டு கையை!"

"மாட்டேன். வேணும்னா கையை வெட்டிப் போடுங்க. இந்தப் பேரைத் தொடாதீங்க."

புளி வாங்க வந்தவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். "கட்டினவன் எதிர்லயே இன்னா தெகிரியம் பாரு" என்றான் வியாபாரி கண்ணாயிரம், மூட்டைமேல் உட்கார்ந்தபடி. யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு வடிவின் புருஷனை உசுப்பிவிட்டது. அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள். அந்த ஓர் உதறலுக்கே தடுமாறிப் புளி மூட்டைமேல் சாய்ந்தான். அவளே பதறி ஓடிவந்து தாங்கினாள். அவன் அவளைத் தள்ளிவிட்டான்.

"இன்னா பொம்பளைடி நீ? சொன்ன பேச்சை ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

"மத்ததெல்லாம் கேக்குறேன். இது வாணாம். வாங்க, வூட்டுக்குப் போலாம்."

செல்லிக்குப் பாவமாக இருந்தது. "அண்ணே, பழசை இன்னாத்துக்குக் கிளர்றே? அந்த ஆளு இப்ப இருக்கானா, செத்துப் போய்ட்டானா?"

"இருக்கான்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "ரொம்ப நாளு இருக்க மாட்டான்."

வடிவு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

செல்லி அவசரமாக ஊசியைத் துடைத்து டப்பாவில் போட்டு மூடினாள். "ஐயோ, கொலை கிலை பண்ணித் தொலைச்சிடாதேண்ணே! ஒரு பேருக்காக உசுரை எடுப்பாங்களா? இந்தப் பாவத்துல நான் கை வெக்க மாட்டேன். வேற ஆளைப் பாரு."

"யாரு கொலை பண்றேன்னு சொன்னாங்க?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கத்துவதற்குத் தெம்பில்லை. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, அலுத்துப்போன குரலில் சொன்னான்.

"எவளுக்கும் புரியலை. அந்தத் திருப்பத்தூர்க்காரிக்கும் புரியலை, உனக்கும் புரியலை. இவளுக்குப் புரியுது. புரிஞ்சிக்கினே மாட்டேங்குறா."

"புரியற மாதிரி சொன்னாத்தானே? அந்தப் பேர்க்காரன் மேல உனக்கு அப்படி இன்னா ஆத்திரம்?"

அவன் வடிவை நிமிர்ந்து பார்த்தான். அவள் அந்த நான்கு எழுத்தையும் மறு கையால் இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"எம் பேரும்மா அது. அது அங்க இருந்தா, நான் செத்த பொறவு இவளை எவன் கட்டிக்குவான்?"