கூடுதல் ஓட்டம்

உயரம் தாண்டுகிறவர்கள் விழுவதற்கென்று போட்டிருக்கும் பெரிய மெத்தையின் மேல், மூடுபனிக்கு நடுவே, பூட்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

மெத்தை பனியில் மிதந்தது. கோல் கம்பங்களுக்குக் கால்களே இல்லை, மேலே குறுக்குக் கம்பம் மட்டும் தெரிந்தது. தான் இன்னும் எழுந்திருக்கவில்லையோ என்றுகூட கோச்சுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். அந்த நினைப்பிலேயே தூக்கம் போய், வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னாலேயே கோச் மைதானத்துக்கு வந்துவிட்டாள்.

குனிந்து பார்த்தாள். வாடை வந்தது. இருமல் மருந்தாக இருக்கும் என்று மனசு ஒரு பொய் சொல்லிப் பார்த்தது. மூக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

பூட்டு என்பது அணி வைத்த பெயர். அவள் கோலில் நின்றால் எதிரணிக்கு வாசல் பூட்டிக்கொள்ளும். கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணி இறுதி ஆட்டம் வரை வந்ததில் பாதிப் புண்ணியம் அவளுடையது.

கல்லூரியின் சட்டம் சுருக்கமானது. குடித்துப் பிடிபட்டவள் பெயரை கோச் அடித்துவிட வேண்டும். அடித்த அன்றே ஹாஸ்டல் அறையும் காலி.

அது போதாதென்று கோச் தன் பங்குக்கு ஒன்று போட்டிருந்தாள். ஒருத்தி குடித்தால் பதினாறு பேருக்கும் தண்டனை. கூட இருப்பவர்களே திட்டித் திருத்திவிடுவார்கள் என்று அவள் கணக்கு.

சட்டம் போட்ட நாளிலிருந்து யார் மேலும் ஒரு புகார் இல்லை. மற்றக் கல்லூரி கோச்சுகளிடம் இதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை. அதோடு நிறுத்தமாட்டாள். என் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே, நான் வருவதற்கு முன்னாலேயே வந்து கூடுதலாக ஓடுகிறார்கள் என்பாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான், ஆனால் இந்தக் காக்கை அதைத் தினமும் நோட்டில் வேறு எழுதி வைத்தது.

நல்லதுக்கு நீல மை. கெட்டதுக்குச் சிவப்பு.

சிவப்புப் பேனாவைத் திறந்தாள். பட்டியலில் பூட்டின் பெயர் கடைசி.

இவள் இல்லாவிட்டால் ஞாயிறு தோல்விதான், அது போகட்டும். அறையைக் காலி செய்துகொண்டு இவள் எங்கே போவாள்? எங்கே போனாலும் பாட்டிலும் கூடப் போகும்.

அப்போதுதான் மெத்தையைச் சரியாகப் பார்த்தாள்.

பூட்டை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். புரண்டு மல்லாந்துவிடாமல் முதுகுக்குப் பின்னால் பந்துப் பையை அண்டக் கொடுத்திருந்தார்கள். ஷூ இரண்டும் கழற்றி ஜோடியாக இருந்தன. தலைமாட்டில் தண்ணீர். மேலே நாலைந்து ஜெர்சிகளைப் போர்த்தியிருந்தார்கள். வார்டன் அறை அறையாக வருவதற்குள் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

முதல் தடவை செய்கிறவர்களுக்கு இவ்வளவு நேர்த்தி வராது.

பனிக்குள்ளிருந்து காலடிச் சத்தம் கேட்டது. ஆள் தெரியவில்லை, சத்தம் மட்டும். பிறகு ஒவ்வொருத்தியாகப் பனியிலிருந்து வெளியே வந்தார்கள், மெத்தையைக் கடந்தார்கள், மறுபடி பனிக்குள் போனார்கள். பதினைந்து பேர். கோச்சைப் பார்த்து ஒருத்தியும் திடுக்கிடவில்லை. கனவில் ஓடுகிறவர்கள் மாதிரி ஓடினார்கள்.

அடுத்த சுற்றில் கேப்டனைக் கைகாட்டி நிறுத்தினாள். ஒல்லி என்பதால் அவளுக்குக் குச்சி என்று பெயர். தண்டனை என்று நான் இன்னும் வாயையே திறக்கவில்லையே, அதற்குள் என்ன ஓட்டம் என்று கேட்டாள்.

குச்சி நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டு சொன்னாள்.

“ஒருத்தி குடிச்சா எல்லாரும் பத்து ரவுண்டுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க. அவளைக் காட்டிக்கொடுக்க எங்களுக்கு மனசு வரலை. ஆனா ஓடாம உங்களை ஏமாத்தினதில்லை, ஒரு நாள்கூட. எப்பவும் அவளும் ஓடுவா. இன்னிக்குத்தான் எழுந்திருக்க முடியலை.”

சொல்லிவிட்டு, விட்ட இடத்தைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

தினமும் எல்லாருக்கும் கடைசியாக, வாயைப் பொத்திக்கொண்டு வந்து சேரும் பூட்டு கோச்சின் கண்ணுக்குள் வந்தாள். கோல்கீப்பர்தானே, ஓட்டம் வராது என்று கோச்சே சிரித்திருக்கிறாள்.

விசிலை எடுத்து ஊதினாள். யாரும் நிற்கவில்லை. இன்னும் ஆறு சுற்று பாக்கி இருந்தது.

மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள். அது அவளையும் மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டது. பூட்டு தூக்கத்தில் ஏதோ முனகி, அவள் புடவை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பெயருக்குக் குறுக்கே கோடு போடக் கை வரவில்லை. நோட்டைப் பின்னால் புரட்டினாள். பக்கம் பக்கமாக நீலம். ‘கூடுதல் ஓட்டம். நல்ல பிள்ளைகள்.’ ஒவ்வொரு நீலத்துக்கும் முந்தின ராத்திரி என்ன நடந்திருக்கும் என்று இப்போது தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

இந்தப் பருவம் முழுக்க மூன்றே நாள்தான் சிவப்பு. அடுத்தடுத்த மூன்று நாள்.

முதல் நாள்: ‘ஓடவில்லை.’

இரண்டாம் நாள்: ‘இன்றும் ஓடவில்லை. பூட்டைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒரே சிரிப்பு.’

மூன்றாம் நாள்: ‘சோம்பேறிகள். பூட்டுதான் எல்லாரையும் கெடுக்கிறாள். அத்தனை பேர் முன்னாலும் அவளைத் திட்டினேன்.’

நான்காம் நாள் மறுபடி நீலம்.

‘ஓடினார்கள். திருந்திவிட்டார்கள்.’