கௌசர் மைக்கைப் பிடிக்கிறாள்

காஞ்சிபுரத்தில் மருத்துவமனை வாசலில் செவிலியர்கள் போராட்டத்துக்காகப் போட்டிருக்கும் சிவப்புச் சாமியானாவின் வழியே காலை வெயில் இறங்கி, வெள்ளைச் சீருடைகளை எல்லாம் இளஞ்சிவப்பாக்குகிறது. குறைமாதக் குழந்தைகள் வார்டுக்குக் கூடுதல் ஆட்கள் வேண்டும், எல்லாச் செவிலியருக்கும் பயிற்சி வேண்டும் என்று செவிலி ஜீவிதா பேசி முடித்துவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த சுகாதார அதிகாரி, "பார்க்கலாம்மா" என்று எழுந்து காரை நோக்கி நடக்கிறார். அப்போது கூட்டத்திலிருந்து கௌசர் இடுப்பில் குழந்தையோடு வந்து மைக்கைப் பிடிக்கிறாள். "சார், கொஞ்சம் நில்லுங்க சார். இவன் ஏழாம் மாசமே பொறந்தவன். பூனைக்குட்டி மாதிரி இருந்தான். இந்த சிஸ்டர்தான் இவனை என் நெஞ்சோட ஒட்டி வச்சி, துணியால கட்டி, இப்டியே சூடு குடுத்துக்கினு இரும்மான்னு சொல்லிக் குடுத்தாங்க. பயிற்சியில கத்துக்கினு வந்தாங்களாம். அது தெரிஞ்சவங்க அன்னிக்கு ட்யூட்டில இல்லாம போயிருந்தா..." குழந்தையின் தலைமுடியில் முகத்தைப் புதைக்கிறாள். மைக்கில் அவள் மூச்சு மட்டும் கேட்கிறது. எத்தனையோ தாய்மாரைப் பார்த்த ஜீவிதாவுக்கு இவளை நினைவில்லை. கொழுகொழுவென்று தொங்கும் அந்தக் குழந்தையின் கால்களையே பார்த்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கவும் மறந்து நிற்கிறாள். கார்க் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு அதிகாரி திரும்பி வருகிறார். "எத்தனை பேருக்கும்மா அந்தப் பயிற்சி வேணும்?" "எல்லாருக்கும் சார்" என்கிறாள் ஜீவிதா. "எல்லாரும் போயிட்டா வார்டை யாரு பாக்கறது?" "அதுக்குத்தான் சார் ஆள் கேக்கறோம்." கூட்டம் சிரிக்கிறது. அதிகாரியும் சிரித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறார். "சரிம்மா, முதல்லேருந்து சொல்லுங்க."