அழிப்புச் சான்றிதழ்

"போன மாசம் நீங்க அனுப்பின பழைய ஆபீஸ் சாமான் மொத்தத்தையும் மாவா அரைச்சாச்சு சார். ஒரு ஸ்க்ரூ கூட மிஞ்சல," என்றார் மின்கழிவு ஆலையின் முதலாளி.

சாமானை அனுப்பிய கம்பெனியின் மேனேஜர் பூரித்துப் போனார். பூமியைக் காப்பாற்றியதற்காக நாளை அவருக்கு விருது. இந்த ஆலையின் அழிப்புச் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி.

"ஊர் உலகமெல்லாம் குப்பையை அடுத்தவன் தலையில கட்டுது. நம்ம தொழில் சுத்தம் சார்," என்றபடி முதலாளி பட்டனைத் தட்டினார்.

மூலையில் இருந்த பிரிண்டர் கரகரவென்று முனகிவிட்டு, தாளைப் பாதியில் கவ்விக்கொண்டது. முதலாளி பிடித்து இழுத்தார். அசையவில்லை.

"சனியன், வந்ததுலேர்ந்து இதே ரோதனை!"

"இழுக்காதீங்க, கிழிஞ்சிடும். கொஞ்சம் தள்ளிக்குங்க." மேனேஜர் எழுந்து போய்ப் பின்மூடியைத் திறந்தார். இடப்பக்கம் இரண்டு தட்டு தட்டினார். மூடியை அறைந்து சாத்தினார். சான்றிதழ் சமர்த்தாக வெளியே வந்தது.

முதலாளி அசந்துபோனார். "எப்படி சார்?"

"ஆறு வருஷம் இதோட குப்பை கொட்டியிருக்கேனே!"

சொன்ன பிறகுதான் மேனேஜர் நாக்கைக் கடித்துக்கொண்டார். இருவரும் சான்றிதழைப் பார்த்தார்கள். மூன்றாவது வரி: 'பிரிண்டர் ஒன்று. தூளாக்கப்பட்டது.'

மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"மேடையில காட்டணும். கலர்ல ஒண்ணு போட்டுத் தர முடியுமா?"

"இதுல கலர் வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"