ஏழாம் தொட்டியின் பட்டினி

ஏழாம் தொட்டியில் இருந்த தாய்மீன் தன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாளாக அது தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வயிறு ஒட்டியே போச்சு. அதுக்குப் பசிக்காதாம்மா?" என்று கேட்டாள், ஆய்வுக்கூடத்தில் தொட்டிகளைக் கழுவும் அக்கா.

"மூளையில சுரக்கிற ஒரு குட்டிப் புரதம் பசியை அடக்கி வச்சிருக்குக்கா. அதைத்தான் நான் அளந்துட்டிருக்கேன்," என்றாள் ஆராய்ச்சிக்காரி.

"அதுக்குப் புரதம்னு ஒரு சாக்கு இருக்கு. மாசமா இருக்கிற உனக்கு என்ன கேடு? நாலு நாளா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே தூக்கிட்டுப் போறே!"

ஆராய்ச்சிக்காரி சிரித்து மழுப்பிவிட்டு, மீனை வலையில் எடுத்து ஈரத்துணியில் கிடத்தினாள். மெல்ல அதன் வாயைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு முட்டைகூட இல்லை. எப்போதோ கெட்டுப்போனவற்றை அது துப்பியிருக்க வேண்டும்.

"அடப்பாவமே! அப்புறம் ஏன் இன்னும் பட்டினி கிடக்குது?"

"முட்டை போன சேதி மூளைக்கு இன்னும் எட்டலை போலக்கா."

மீனைத் தண்ணீரில் விட்டவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா கை கழுவி வந்து, டப்பாவைத் திறந்து ஒரு வாய் எடுத்து நீட்டினாள்.

"மீன் கதை கிடக்கட்டும். வயித்துப் பிள்ளைக்காகவாவது வாங்கிக்கோம்மா."

அவள் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போன வெள்ளிக்கிழமையே கலைஞ்சு போச்சுக்கா. ஆஸ்பத்திரிக்குத் தனியாத்தான் போயிட்டு வந்தேன். அவரு தினமும் வயித்துல காதை வச்சுப் பேசிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புறாரு. அவர்கிட்ட நான் எப்படிக்கா சொல்லுவேன்?"